வயதான பூனைக்குச் சுகர் என்றால்: வீட்டு மருந்துப் பெட்டியில் எது உதவும், எது ஆபத்து

பத்து வயதைத் தாண்டிய பூனைக்கு நீரிழிவு என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் வீட்டில் இரண்டு பேச்சு எழும். ஒன்று, "அது ஸ்வீட்டே தொடாதே, அதுக்கு எப்படி சுகர் வந்துச்சு?" இன்னொன்று, "தாத்தாவுக்கும் சுகர்தானே, அவர் மாத்திரைல கால் துண்டு குடுத்தா என்ன?" முதல் கேள்விக்கு நல்ல பதில் உண்டு. இரண்டாவது யோசனை பூனையின் உயிருக்கே ஆபத்து.

வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்கள் உண்டு. குளுக்கோமீட்டரும் இன்சுலின் குப்பியும் சிரிஞ்சும் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. ஊசி போட்டுப் பழகிய கையும் இருக்கிறது. புதிதாக நோய் கண்டுபிடிக்கப்பட்ட பூனைக்கு இது பெரிய பலம். ஆனால் மனிதருக்குச் சரியாக இருக்கும் சில வழக்கங்கள் பூனைக்கு ஆகாது. எந்த இடத்தில் நம் அனுபவத்தை நம்பலாம், எந்த இடத்தில் அதை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

உணவிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸ் ரத்தத்தில் ஓடுகிறது. அது தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் போய்ச் சேர இன்சுலின் வேண்டும். கணையம் அதைச் சுரக்கிறது. வயதான பூனைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. முதலில் உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போகிறது. அதை ஈடுகட்ட அதிகம் சுரந்து சுரந்து கணையத்தின் செல்கள் தளர்கின்றன. அமிலாய்டு என்ற புரதம் அங்கே படிவதும் அவற்றைச் சிதைக்கிறது.

யாருக்கு வருகிறது? உடல் பருத்தவை, வீட்டுக்குள்ளேயே ஓட்டமின்றிக் கிடப்பவை, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகள், அரிப்புக்கோ மூச்சிரைப்புக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவை ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடுதல். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால், நீண்ட நாள் வேலை செய்யும் ஊசியாக இருந்தாலும், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அதே சமயம் நீங்களாக அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

இனிப்புக் கேள்விக்கு வருவோம். பூனைகளுக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அந்தச் சுவையை உணர்வதற்கான மரபணு ஒன்று பூனைக் குடும்பத்தில் செயலிழந்துவிட்டது என்று 2005-ல் கண்டறிந்தார்கள். அதனால் பூனை லட்டைத் தேடிப் போகாது. ஆனால் சோறும் பிஸ்கட்டும் வயிற்றுக்குள் போனதும் குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன. இனிப்பு தொடாததற்கும் சுகர் வருவதற்கும் முரண் ஏதுமில்லை.

ரத்தத்தில் குளுக்கோஸ் அளவு டெசிலிட்டருக்குச் சுமார் 270 மில்லிகிராமைத் தாண்டும்போது பூனையின் சிறுநீரகம் அதை வெளியே விடத் தொடங்குகிறது. குளுக்கோஸ் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. குளியலறை வாளியில் பூனை தலையை விட்டுக் குடிப்பதும், மணல் தட்டு சீக்கிரமே நனைந்துபோவதும், சிறுநீர் பட்ட இடத்தில் எறும்பு மொய்ப்பதும் இதனால்தான். உள்ளே போன சாப்பாடு செல்களுக்குள் சேராததால் பூனை நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே வரும். சில பூனைகளுக்கு நரம்பு பாதிக்கப்பட்டு, பின்னங்கால் விரல்களை ஊன்றி நடக்காமல் குதிகாலைத் தரையில் அழுத்தி நடக்கும் ஒரு நடை வரும். இதை மூட்டுவலி என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் பலர். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளில் இந்த நடை மெல்லச் சரியாகும்.

உறுதியாகச் சுகர்தானா?

மனிதருக்கு வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை ஓரளவு சொல்லிவிடும். பூனைக்கு அது போதாது. கூடையில் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் கூடத்தில் காத்திருக்க வைத்தாலே பயத்தில் அதன் சர்க்கரை 300-க்கு மேல் ஏறிவிடலாம். நோயே இல்லாத பூனைக்கும் இப்படி ஏறும். எனவே மருத்துவர் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார்: வீட்டில் நீங்கள் கண்ட அறிகுறிகள், சிறுநீரில் குளுக்கோஸ், ஃபிரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனை. கடைசியாகச் சொன்னது முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் சராசரியைக் காட்டும். மனிதர்களுக்கு எடுக்கும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையைப் போன்றது, கால அளவு மட்டும் குறைவு.

தைராய்டு மிகைச் சுரப்பு, சிறுநீரக நோய் ஆகியவையும் வயதான பூனைகளில் தாகத்தையும் இளைப்பையும் கொண்டுவரும். அவை சுகரோடு சேர்ந்தும் இருக்கலாம். பல் தொற்று, சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி போன்றவை இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கும். ஆகவே முதல் முறை முழு ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் கேட்கிறார்கள் என்றால் அது வீண் செலவு இல்லை.

மாத்திரை ஏன் கூடாது?

மனிதர்களுக்கு முதலில் எழுதப்படும் மெட்ஃபார்மின் பூனைகளில் நம்பத்தக்க பலன் தருவதில்லை. கிளைமிபிரைடு போன்றவை சர்க்கரையைத் தாறுமாறாக இறக்கிவிடக்கூடும். நான்கு கிலோ எடையுள்ள உடலுக்கு "கால் துண்டு" என்பது சின்ன அளவே இல்லை.

பூனைகளுக்கென்றே வாய்வழி மருந்துகள் அண்மையில் வந்திருக்கின்றன. அமெரிக்காவில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், வெலாகிளிஃப்ளோசின் திரவ மருந்துக்கு 2023 ஆகஸ்டிலும் அனுமதி கிடைத்தது. இவை குளுக்கோஸைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். எல்லாப் பூனைக்கும் இவை ஆகாது. ஏற்கெனவே இன்சுலின் போட்டுவந்த பூனைக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை மருந்தோடே வருகிறது. ரத்தச் சர்க்கரை இயல்பாகத் தெரியும்போதே கீட்டோன் நஞ்சேற்றம் (ரத்தம் அமிலமாகும் அவசரநிலை) வரும் ஆபத்தும் உண்டு. இந்த வகை மருந்து மனிதர்களுக்கும் இருப்பதால், வீட்டில் உள்ளதை எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான பூனைகளுக்கு இன்னும் இன்சுலின்தான் முதன்மையான வழி.

40-ஆ, 100-ஆ? தவறு நடக்கும் இடம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

இந்தியாவில் மனிதர்களுக்கான இன்சுலின் இரண்டு செறிவுகளில் விற்கிறது. சாதாரணக் குப்பிகளில் பல ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவை. பூனைகளுக்கு அதிகம் எழுதப்படும் கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலினோ மில்லிலிட்டருக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: 40-க்கானது சிவப்பு மூடி, 100-க்கானது ஆரஞ்சு மூடி. மூடியின் நிறத்தோடு சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணையும் பாருங்கள்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1. மருத்துவர் எழுதியது 100 செறிவுள்ள கிளார்ஜின் 2 யூனிட். சரியான சிரிஞ்சில் அது 0.02 மில்லி.

2. அதே மருந்தை வீட்டிலிருக்கும் 40 சிரிஞ்சில் 2-ஆம் கோடு வரை இழுத்தால் வருவது 0.05 மில்லி. அதில் இருப்பது 5 யூனிட். இரண்டரை மடங்கு. இந்த அளவு ஒரே வேளையில் பூனையைக் கொல்லக்கூடும்.

3. எதிர்மாறாக, 40 செறிவுள்ள மருந்தை 100 சிரிஞ்சில் 2-ஆம் கோடு வரை இழுத்தால் கிடைப்பது 0.8 யூனிட் மட்டுமே. சர்க்கரை இறங்காது. "மருந்து வேலை செய்யவில்லை" என்று அளவைக் கூட்டுவார்கள். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு கிடைத்ததும் ஆபத்து வரும்.

பூனைகளுக்கான தொடக்க அளவு பொதுவாக ஒரு வேளைக்கு 1 யூனிட்டை ஒட்டியே இருக்கும். அதை முடிவு செய்கிறவர் மருத்துவர். மனிதர்கள் 10, 20 யூனிட் போட்டுப் பழகியவர்கள் என்பதால் இந்த அளவு அற்பமாகத் தோன்றும். அரை யூனிட் கூடினாலும் குறைந்தாலும் பூனைக்கு அது பெரிய மாற்றம். அதனால் அரை யூனிட் கோடு போட்ட சிறிய சிரிஞ்சு கிடைத்தால் வாங்குங்கள். ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் உள்ள மருந்துக்கடைகளில் "இன்சுலின் சிரிஞ்சு ஒண்ணு" என்று மட்டும் கேட்காமல், மருந்துச் சீட்டைக் காட்டி எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். கடையில் வேறு வகை இருக்கிறது, "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் வாங்காதீர்கள்.

தாத்தாவின் குப்பியிலிருந்து பூனைக்கு எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. மனிதர்களுக்குக் கொடுக்கும் கலவை இன்சுலின்கள் பூனையின் உடலில் சீக்கிரம் தீர்ந்துபோகும், ஏற்ற இறக்கமும் அதிகம். ஒரே குப்பியில் இரு உயிர்களுக்கான ஊசியும் போய் வந்தால் தொற்று வரும் என்பதும் உண்டு. பூனையின் மருந்தையும் சிரிஞ்சையும் தனி டப்பாவில், பெரிய எழுத்தில் பெயர் எழுதி வையுங்கள். அவசரத்தில் பாட்டியோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ எடுத்துப் போடும்போதும் தவறக் கூடாது.

ஊசி போடும் வேலை பயந்த அளவுக்குக் கடினமில்லை. ஊசி முடி போல மெல்லியது. விலாப்பக்கத்தில் தோலைக் கூடாரமாகத் தூக்கி, அடியில் செலுத்த வேண்டும். பெரும்பாலான பூனைகள் சாப்பிட்டுக்கொண்டே வாங்கிக்கொள்ளும். இரு வேளைக்கும் 12 மணி நேர இடைவெளி தேவை. துறைமுகத்திலோ மணலி ஆலைகளிலோ ஷிப்டு வேலை பார்ப்பவர்கள், கடலுக்குப் போய் மறுநாள் திரும்புகிறவர்கள் உள்ள வீட்டில், எப்போதும் வீட்டில் இருக்கும் ஒருவரின் நேரத்தை ஒட்டி இதை அமைப்பது நல்லது. அரை மணி முன்பின் ஆனால் பெரிய கெடுதி இல்லை. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடக் கூடாது. மருந்து உள்ளே போனதா, முடியில் வழிந்ததா என்று சந்தேகம் வந்தாலும் மறுபடி போடாதீர்கள். சில வேளை சர்க்கரை கூடியிருப்பதைப் பூனை தாங்கும். ஒருமுறை அளவுக்கு மேல் இறங்கினால் தாங்காது.

பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து மூடி, வீட்டு அபாயக் கழிவு என்று தனியே கொடுங்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரலில் அது குத்தக் கூடாது.

காசிமேட்டு மீன் நல்லதா?

சாப்பாட்டு விஷயத்தில் வட சென்னைப் பூனைகளுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பூனை இறைச்சியுண்ணி. புரதம் கூடியும் மாவுச்சத்து குறைந்தும் இருக்கும் உணவே சுகர் வந்த பூனைக்குத் தேவை. மொத்தக் கலோரியில் சுமார் 12 சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆக மீன் பிரச்சினை இல்லை. அதைப் பிசைந்து வைக்கும் சோறுதான் பிரச்சினை. பால்சோறும் தயிர்சோறும் அப்படியே. பைகளில் விற்கும் உலர்ந்த குருணை உணவும் பெரும்பாலும் மாவு சேர்த்தே தயாரிக்கப்படுகிறது, "சோறு வேண்டாம், பாக்கெட் உணவு போதும்" என்று மாறினால் குறை தீராது.

ஆனால் "அப்ப வெறும் மீன் போடறோம்" என்பதும் முழுத் தீர்வாகாது.

1. நெத்திலி, மத்தி போன்ற சில மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் ஒரு நொதி உண்டு. பச்சையாகவே நாள்தோறும் கொடுத்தால் நரம்புக் கோளாறு வரலாம். வேகவைத்தால் அந்த நொதி அழியும்.

2. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்து அதோடு போய்விடும். அந்தத் தண்ணீரையும் சேர்த்தே வையுங்கள்.

3. முள் நீக்கிய மீன் சதையில் கால்சியம் போதாது. மீனையே நெடுநாள் தின்றால் ஈ வைட்டமின் குறையும்.

4. குழம்பு மீன் வேண்டவே வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நீரிழிவு உள்ள பூனைகளின் சிவப்பணுக்கள் ஏற்கெனவே இந்தச் சேதத்துக்கு எளிதில் ஆளாகக்கூடியவை.

5. கருவாட்டில் உப்பு அதிகம். வயதான சிறுநீரகத்துக்கு அது சுமை.

ஆகவே, முழு உணவு என்று அட்டையில் குறிக்கப்பட்ட ஈர உணவை அடிப்படையாக வைத்து, மீனையும் கோழியையும் துணையாகக் கொடுப்பது பாதுகாப்பானது. அவ்வளவு செலவு முடியாத வீடுகளில், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியும் மீனும் கொடுத்து, என்ன சத்து மருந்து சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். சிறுநீரக நோயும் சேர்ந்திருந்தால் புரத அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

இங்கே மனித வழக்கத்திலிருந்து விலக வேண்டிய இன்னொரு இடம் உண்டு. "வாயைக் கட்டினால் சுகர் இறங்கும்" என்று பூனையைப் பட்டினி போடக் கூடாது. குண்டுப் பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். எடை மெதுவாகவே குறைய வேண்டும், வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் போதும்.

இன்சுலின் தொடங்கிய பிறகு சோற்றை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் தேவையும் சட்டென்று குறையும். பழைய அளவே தொடர்ந்தால் சர்க்கரை பாதாளத்துக்குப் போகும். உணவை மாற்றப்போவதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு அவசரநிலைகள்

சர்க்கரை மிகக் குறைவது முதலாவது. பூனை தள்ளாடும், மறைவிடம் தேடும், பார்வை நிலைகுத்தும், நடுங்கும், வலிப்பும் வரலாம். தேனோ, கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸ் பொடியோ, சர்க்கரைப் பாகோ எடுத்து ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பின்போது பற்களுக்கிடையில் விரலை விடாதீர்கள். தெளிந்ததும் உணவு கொடுத்து உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது, நீண்டநேர இன்சுலின் இன்னும் உடலில் இருக்கிறது.

இரண்டாவது கீட்டோன் நஞ்சேற்றம். இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது ரத்தம் அமிலமாகிறது. வாந்தி, சாப்பிட மறுப்பு, சோர்ந்து படுத்தல், வேகமான மூச்சு, வாயில் ஒருவித வாடை. இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. மருத்துவமனையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலை. 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வட சென்னைக்கு அருகில்தான் இருக்கிறது. இரவில் எங்கே போவது, எந்த எண்ணை அழைப்பது என்பதை நோய் தெரிந்த வாரத்திலேயே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பூனை சாப்பிடவில்லை அல்லது வாந்தி எடுக்கிறது என்றால், வழக்கமான ஊசியைப் போடும் முன் மருத்துவரை அழைக்க வேண்டும். முதலில் சாப்பாடு, அது உள்ளே போவதைப் பார்த்த பிறகே ஊசி.

வீட்டு மீட்டரை எப்படிப் படிப்பது?

காது ஓரத்தில் ஒரு சிறு குத்து, ஒரு துளி ரத்தம். தாத்தாவின் குளுக்கோமீட்டர் இங்கே உதவும், ஒரு நிபந்தனையோடு. மனித மீட்டர்கள் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும் போக்குடையவை. விலங்குகளுக்கான மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரே மீட்டரையே தொடர்ந்து பயன்படுத்தி, அதன் எண்களுக்கு ஏற்ப இலக்கை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். லான்செட் ஊசியைப் பகிரக் கூடாது.

மனிதரைப் போல ஒவ்வொரு எண்ணுக்கும் அளவை ஏற்றி இறக்கும் பழக்கம் இங்கே வேண்டாம். ஒரு அளவுக்கு உடல் பழக நாட்கள் பிடிக்கும். இடையில் சர்க்கரை ஆபத்தாக இறங்கினால் மட்டும் உடனே அளவைக் குறைப்பார்கள்.

மீட்டரைவிட ஒரு நோட்டுப் புத்தகம் அதிகம் சொல்லும். எவ்வளவு தண்ணீர் குடித்தது, எத்தனை முறை மணல் தட்டு நனைந்தது, வார எடை என்ன (நீங்கள் பூனையோடு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும்), தாவி ஏறுகிறதா, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா. எண்கள் சற்று முன்பின் இருந்தாலும் இவை முன்னேறினால் சிகிச்சை வேலை செய்கிறது.

கத்திரியும் மழையும்

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃபிரீசரில் உறைந்துபோனால் அதை எறிந்துவிட வேண்டியதுதான். மே மாதக் கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் மருந்தை அலமாரியில் விடவே கூடாது. கிளார்ஜின் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கினாலோ துகள் தெரிந்தாலோ புதியது வாங்குங்கள்.

மனிதர்களுக்கான கிளார்ஜினைத் திறந்த 28 நாளில் மாற்றச் சொல்கிறது அதன் குறிப்பு. நாளுக்கு 2 யூனிட் போடும் பூனைக்கு 3 மில்லி, அதாவது 300 யூனிட், கணக்குப்படி 150 நாள் வரும். தீரும் முன்பே காலம் முடிந்துவிடும். ஆகவே பெரிய குப்பி வாங்குவதில் லாபம் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரிலும் மின்சாரம் இல்லாமலும் கிடந்தன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே இரண்டு வாரத்துக்கான சிரிஞ்சும் உணவும் சேர்த்து வையுங்கள். மின்சாரம் போனால் மருந்தை நெகிழிப் பையில் கட்டி, ஈரமண் நிரப்பிய பானைக்குள் வைக்கும் வழி மனிதர்களின் இன்சுலினுக்கே பயன்பட்டு வந்திருக்கிறது. பனிக்கட்டி நேரடியாக மேலே படக் கூடாது.

சுகர் விலகுமா?

மனிதர்களுக்கு அரிதான ஒன்று பூனைகளில் அடிக்கடி நடக்கிறது. சீக்கிரம் இன்சுலின் தொடங்கி, மாவுச்சத்தைக் குறைத்து, ஸ்டீராய்டு போன்ற காரணங்களை விலக்கினால், கணையம் ஓய்வெடுத்து மீண்டு, ஊசியே தேவைப்படாத நிலைக்குக் கணிசமான பூனைகள் வருகின்றன. பெரும்பாலும் இது முதல் ஆறு மாதத்துக்குள் தெரியும். எல்லாப் பூனைக்கும் நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நடக்காதவையும் ஊசியோடு ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன.

இதனால்தான் பூனை நன்றாகத் தேறும்போது கவனம் கூட வேண்டும். தேவை குறைந்த பிறகும் பழைய அளவே போனால் சர்க்கரை இறங்கிவிடும். வழக்கத்தைவிடக் குறைந்த எண்கள் தொடர்ந்து வந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரை அழையுங்கள். ஊசி நின்ற பிறகும் சோறில்லாத சாப்பாடு தொடர வேண்டும், எடை ஏறக் கூடாது, வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் "சுகர் இருந்த பூனை, ஸ்டீராய்டு வேண்டாம்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். தாகம் திரும்பினால் அந்த வாரமே பரிசோதியுங்கள். இரண்டாம் முறையும் எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.